பொறியும் அதில் சிக்கியவரும்

திகில் படங்களில் பொறிப் படம் தனி வகை. ஒருவரைக் கடத்திவந்து ஏதோ ஒரு கருவியில் பூட்டிவிடுவார்கள். தப்பிக்க இவ்வளவு நேரம், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை இது என்று ஒரு குரல் சொல்லும். விலை பெரும்பாலும் சொந்த உடம்பின் ஒரு பகுதியாகவோ இன்னொருவரின் உயிராகவோ இருக்கும். 2004-ல் வந்த ‘ஸா’ படத்துக்குப் பிறகு இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. கூடவே ஒரு சண்டையும் பரவியது. இப்படிப்பட்ட படத்துக்குக் கதை எதற்கு, பாத்திர வார்ப்பு எதற்கு, ரத்தம் பார்க்கத்தானே வருகிறார்கள் என்பது ஒரு கட்சி. கதையில்லாத ரத்தம் வெறும் வக்கிரம் என்பது எதிர்க்கட்சி. சண்டை ‘ஸா’வோடு பிறந்ததில்லை. பொறியை வைத்துப் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் இரண்டு கட்சிக்கும் முழுச் சாதகமாக இல்லை.

எட்கர் ஆலன் போ 1842-ல் வெளியிட்ட ‘குழியும் ஊசலும்’ சிறுகதைதான் இந்த வகைக்கு மூதாதை. ஸ்பெயினின் டொலேடோ நகரில் மத விசாரணை மன்றம் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. இருட்டறையில் கண் விழிக்கும் அவன் தட்டுத்தடுமாறி நடக்கும்போது அங்கியின் ஓரம் காலில் சிக்கிக் கீழே விழுகிறான். தரையில் முகவாய் மட்டும் படுகிறது, அதற்கு அப்பால் எதுவுமில்லை. குழியின் விளிம்பில் விழுந்திருக்கிறான். அடுத்த முறை விழிக்கும்போது ஒரு மரச்சட்டத்தில் வாரால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். மேலிருந்து பிறை வடிவக் கத்தி ஊசலாடியபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஒரு கை மட்டும், தட்டில் இருக்கும் இறைச்சியை எடுக்கும் அளவுக்கு அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது. மிச்ச இறைச்சியை வாரின் மேல் தேய்க்கிறான். எலிகள் மொய்த்து வாரைக் கடித்து அறுக்கின்றன.

இன்றைய பொறிப் படத்துக்கு வேண்டிய உறுப்புகள் அத்தனையும் இதில் இருக்கின்றன: கருவி, குறைந்துகொண்டே வரும் நேரம், அருவருப்பை விழுங்கினால் மட்டுமே கிடைக்கும் வழி. இல்லாதது பாத்திரத்தின் பின்னணிதான். அவன் பெயர் என்ன, என்ன குற்றம் செய்தான், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதையும் போ சொல்லவில்லை. ஆனாலும் அவன் யாரென்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் அவன் யோசிப்பது ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிறது. இருட்டில் சுவரைத் தொட்டு அடியளந்து அறையின் சுற்றளவைக் கணக்கிடும் புத்தி, நம்பிக்கை தலைதூக்கும்போது அதைக் கண்டே பயப்படும் மனம் இவையே அவனுடைய வரலாறு. எழுத்தில் இது முடியும். கேமராவால் ஒருவரின் மண்டைக்குள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த இடர்ப்பாடு 1961-ல் வெளிப்படையாகவே தெரிந்தது. ரோஜர் கார்மன் அந்தக் கதையை வின்சென்ட் பிரைஸை வைத்துப் படமாக்கியபோது, திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மதேசனிடம் போ விட்டுச்சென்றது கடைசிச் சில நிமிடங்களுக்கான சரக்கு மட்டும். மீதிப் படம் முழுவதையும் அவர் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. மத விசாரணை அதிகாரியின் மகனாக ஒரு கதாநாயகன், சிறுவயதில் அவன் கண்ணால் கண்ட கொடுமை, செத்ததாக நம்பப்படும் மனைவி, அவளைத் தேடிவரும் அண்ணன், ஒரு கள்ள உறவு என்று கதை வளர்ந்தது. ஊசல் கத்தி கடைசிச் சுருளில்தான் இறங்குகிறது. பொறியைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேலான கதை தேவைப்பட்டது. பட முதலாளிகள் இதை வீண்செலவாக நினைக்கவில்லை. போவின் கதைகளைக் கார்மன் தொடர்ந்து படமாக்கிக்கொண்டே போனார்.

ரத்தத்தை மட்டும் விற்றுப் பிழைக்க முடியுமா என்ற கேள்விக்குச் சினிமாவுக்கு முன்பே பாரிஸில் ஒரு நாடகக் கொட்டகை விடை தேடியது. பிகால் பகுதியில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1897-ல் ஒஸ்கார் மெத்தேனியே தொடங்கிய கிராண்ட் கின்யோல் அரங்கம் அது. 300-க்கும் குறைவான இருக்கைகள். தேவாலயத்தில் இருந்த மரத் தேவதைகள் கூரையிலேயே விட்டுவைக்கப்பட்டிருந்தார்கள். மெத்தேனியே முன்பு காவல் ஆணையர் ஒருவரிடம் செயலாளராக வேலை பார்த்தவர். தெருவோரத் திருடர்களையும் விலைமாதர்களையும் அவர்கள் பேச்சோடு மேடையேற்றுவதுதான் அவருக்கு ஆசை. மறு ஆண்டே பொறுப்பேற்ற மாக்ஸ் மோரே அதைத் திகில் அரங்கமாக மாற்றினார். அன்றைய நாடகம் எப்படி என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல், எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பது. விளம்பரத்துக்கென்றே ஒரு மருத்துவரையும் அரங்கில் உட்காரவைத்தார்.

கண்ணைத் தோண்டுவது, கழுத்தறுப்பது, முகத்தில் திராவகம் ஊற்றுவது என்று அங்கே நடக்காத கொடுமை இல்லை. கார்மைன் சாயத்தையும் கிளிசரினையும் கலந்து சூடாக்கிய ரத்தம் மேடையில் வழிந்து ஆற ஆற உறைந்துபோகும். கண்ணெதிரே ரத்தம் கட்டுவதைப் பார்த்துத்தான் பலரும் இருக்கையை விட்டு எழுந்தார்கள். 1917-ல் சேர்ந்த நடிகை போலா மாக்ஸா அந்த மேடையில் 10,000 தடவைக்கு மேல் கொல்லப்பட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இவ்வளவு இருந்தும் அரங்கத்தின் சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. ஓர் இரவில் ஐந்தாறு குறு நாடகங்கள் நடக்கும். ஒரு திகில் முடிந்ததும் ஒரு கேலிக்கூத்து, அது முடிந்ததும் இன்னொரு திகில். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றும் குளியல் என்று அவர்களே இந்த முறைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ரத்தத்துக்குப் பார்வையாளர் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுவார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரங்கத்தின் தலைசிறந்த எழுத்தாளர் ஆந்த்ரே த லோர்த் பகலில் நூலகர். பைத்தியம் பற்றிய நாடகங்களுக்கு அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டவர் ஆல்ஃப்ரெட் பினே, நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய அதே உளவியலாளர். மனித மனம் எங்கே முறியும் என்று தெரிந்துகொள்ளாமல் கத்தியை எடுப்பதில் பயனில்லை என்பது த லோர்த்தின் தொழில்நுட்பம். ஷார்ல் ஃபோலேயுடன் அவர் எழுதி 1901-ல் மேடையேறிய ‘தொலைபேசியில்’ நாடகத்தில் ஒரு துளி ரத்தம்கூடக் கிடையாது. வெளியூர் போன ஒருவன் வீட்டுக்குப் போன் செய்கிறான். மனைவியும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். அவன் காதில் எல்லாம் கேட்கிறது, செய்ய ஒன்றுமில்லை. அவ்வளவுதான் நாடகம். அவனும் ஒரு பொறியில் மாட்டியவன்தான். அந்தப் பொறி ஒரு தொலைபேசிக் குழல்.

அரங்கம் 1962-ல் மூடப்பட்டது. நாஜி வதைமுகாம்களின் உண்மையோடு எங்கள் மேடை போட்டியிட முடியாது என்ற பொருளில் அதன் கடைசி இயக்குநர் காரணம் சொன்னார். திரையரங்குகளின் போட்டியையும் அவர் சேர்த்திருக்கலாம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வேறொருவர் அந்தக் கடையைத் திறந்துவிட்டார்.

ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் விளம்பரத் துறைக்காரர். கூட்டாளி டேவிட் ஃபிரீட்மனுடன் சேர்ந்து அரைநிர்வாணப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தையில் கூட்டம் அதிகமானதும், பெரிய ஸ்டூடியோக்கள் தொடத் துணியாத சரக்கு எது என்று யோசித்து ரத்தத்தைப் பிடித்தார். 1963-ல் மயாமியில் சில நாட்களில், 24,500 டாலர் செலவில் எடுத்த ‘பிளட் ஃபீஸ்ட்’ அப்படிப் பிறந்தது. எகிப்திய தேவதைக்குப் படையல் வைக்கப் பெண்களைக் கொல்லும் ஒரு சமையல்காரர். கதை என்று சொல்ல வேறெதுவும் இல்லை. நடிப்பு படுமோசம். திரையரங்க வாசலில் வாந்திப் பை கொடுத்தார்கள். பணம் கொட்டியது. ரத்தம் மட்டும் போதும் என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் லூயிஸே அடுத்த ஆண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டார். ‘டூ தவுசண்ட் மேனியாக்ஸ்’ படத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை அழித்த ஒரு தென்மாநில ஊர், நூற்றாண்டு கழித்து ஆவியாக எழுந்து வடக்கிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளைத் திருவிழா விளையாட்டு என்ற பெயரில் கொல்கிறது. ஒரு பெண்ணைப் பெரிய பாறைக்கு அடியில் கட்டிப்போட்டு, பந்தெறிந்து குறிபார்க்கிறார்கள்; குறி தப்பாத பந்து பாறையைத் தள்ளிவிடும். உள்பக்கம் ஆணி அடித்த பீப்பாயில் ஒருவனை அடைத்து மலைச்சரிவில் உருட்டுகிறார்கள். சுற்றி நின்று ஊரே கைதட்டுகிறது. இங்கே கொலைக்கு ஒரு காரணம் இருக்கிறது, விளையாட்டுக்கு விதி இருக்கிறது, பார்த்து ரசிக்கும் கூட்டத்தின் முகமும் திரையிலேயே தெரிகிறது. தான் எடுத்ததில் தனக்குப் பிடித்த படம் இதுதான் என்று லூயிஸ் பின்னாளில் சொல்லிவந்தார்.

பொறியில் சாவியும் கெடுவும் சேர்ந்தது 1971-ல். ராபர்ட் ஃபியூஸ்ட் இயக்கிய ‘தி அபாமினபிள் டாக்டர் ஃபைப்ஸ்’ படத்தில், மனைவி அறுவை மேசையில் இறந்ததற்காக மருத்துவர்களை விவிலியத்தின் எகிப்திய வாதைகளைப் போல ஒவ்வொருவராகக் கொல்கிறார் வின்சென்ட் பிரைஸ். முகமூடி விருந்து ஒன்றில் ஒரு மருத்துவருக்குத் தவளை முகமூடி மாட்டிவிடப்படுகிறது. அது பல்சக்கரத்தில் இறுகி இறுகி மண்டையை நொறுக்குகிறது. கடைசிப் பொறி இன்னும் நுட்பமானது. தலைமை மருத்துவரின் மகனை மேசையில் பூட்டி, பூட்டின் சாவியை அவன் இதயத்துக்குப் பக்கத்தில் புதைத்துவைத்திருக்கிறார். மேலே அமிலம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா தன் கையால் மகனைக் கிழித்துச் சாவியை எடுக்க ஆறு நிமிடம். இறந்துபோன மனைவி அறுவை மேசையில் கிடந்த அதே ஆறு நிமிடம். ‘ஸா’வை முதல்முறை பார்த்து வியந்தவர்கள் இதற்குப் பிறகு பார்த்தால் வியப்பு பாதியாகக் குறையும். தண்டனையைக் குற்றத்தின் அளவுக்கு வெட்டித் தைப்பதே கதையாகிவிடும் என்று ஃபைப்ஸ் காட்டியது. இரண்டே ஆண்டில் அதே பிரைஸ் ‘தியேட்டர் ஆஃப் பிளட்’ படத்தில் தன்னைத் திட்டி எழுதிய நாடக விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் பாணியில் கொன்றார். விமர்சகர்கள் அந்தப் படத்தை ஓரளவு மரியாதையாகவே நடத்தினார்கள்.

1979-ல் ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் மில்லர் எடுத்த ‘மேட் மேக்ஸ்’ திகில் படமே இல்லை. ஆனால் அதன் முடிவில் நாயகன் ஒரு ரௌடியின் கணுக்காலைக் கவிழ்ந்த வண்டியோடு விலங்கிட்டு, பக்கத்தில் தீப்பிடிக்க ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு ரம்பத்தை நீட்டுகிறான். விலங்கை அறுக்கப் பத்து நிமிடம் ஆகும், காலை அறுத்தால் ஐந்து. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். மெல்போர்னில் இருந்து கிளம்பப்போகும் இரண்டு இளைஞர்களின் மனதில் இந்தக் காட்சி சும்மா கிடக்கவில்லை.

இடையில் கனடாவிலிருந்து ஒரு பரிசோதனை வந்தது. வின்சென்சோ நத்தாலியின் ‘கியூப்’ 1997-ல் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கனசதுர அறைகள் என்று நம்பவைக்க, 14 அடிச் சதுரத்தில் ஒரே ஓர் அறையைக் கட்டிச் சுவர்ப் பலகைகளின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிப் படம்பிடித்தார்கள். உள்ளே மாட்டியவர்களுக்குச் சிறைச்சாலைகளின் பெயர். இந்தப் பொறியைக் கட்டியது யார், எதற்கு என்று படம் கடைசிவரை சொல்லாது. அப்படியும் அது நிற்கிறது. எந்த அறையில் பொறி இருக்கிறது என்பதை அறை எண்களை வைத்துக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் மாணவி, முதலில் தலைவனாகத் தோன்றிப் போகப்போக மிருகமாகும் காவலர், எல்லோரும் பாரமாக நினைக்கும் ஆட்டிசம் உள்ள இளைஞர் என்று ஒவ்வொருவரும் நெருக்கடியில் வெளிப்படுகிறார்கள். யாருடைய பழைய வாழ்க்கைக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் இல்லை.

அந்த மெல்போர்ன் இளைஞர்களில் ஒருவரான ஜேம்ஸ் வான் மலேசியாவின் கூச்சிங்கில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். மெல்போர்ன் திரைப்பட வகுப்பில் கிடைத்த நண்பர் லீ வனெல். கையில் காசு இல்லாததால் ஓர் அறை, இரண்டு நடிகர்கள் என்ற அளவில்தான் படம் யோசிக்க முடிந்தது. அந்தக் காலத்தில் கடும் தலைவலிக்காக வனெல் மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. மூளையில் கட்டி என்று சொல்லிவிட்டால் மிச்ச நாளை என்ன செய்வோம் என்று அங்கே தோன்றிய பயத்திலிருந்து ஜிக்ஸா என்ற வில்லன் வந்தான். ஆள் வந்த பிறகுதான் பொறிகள் வந்தன. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 2003-ல் அவர்கள் ஒரு காட்சியைக் குறும்படமாக எடுத்து அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார்கள். ‘ஸா’ படம் சுமார் 12 லட்சம் டாலர் செலவில் லாஸ் ஏஞ்சலிஸில் 18 நாட்களில் முடிந்தது. 2004 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் காட்டப்பட்டு, அக்டோபர் கடைசியில் வெளியாகி, உலகெங்கும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அந்தக் குறும்படக் காட்சியிலேயே இந்த வகையின் இலக்கணம் இருக்கிறது. முழுநீளப் படத்தில் அதில் சிக்குபவள் அமாண்டா என்ற போதைக்கு அடிமையான பெண். தாடையில் இரும்புக் கருவி பூட்டியிருக்கிறது. கரடிப் பொறி மூடிக்கொள்ளும் என்றால் இது திறந்துகொள்ளும். திறந்தால் முகம் இரண்டாகும். சாவி, அறையில் கிடக்கும் பிணத்தின் வயிற்றில். நேரம் ஒரு நிமிடம். கத்தியோடு குனியும்போது பிணத்தின் கண் அசைகிறது. செத்துப்போனவன் என்று நினைத்தவன் மயக்கத்தில் கிடப்பவன். அவள் தயங்குகிறாள், பிறகு குத்துகிறாள். கேமரா வயிற்றைவிட அவள் கையையும் முகத்தையும்தான் அதிகம் காட்டுகிறது. பிழைத்துக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அவளிடம் விசாரிக்கும்போது, அவன் தனக்கு உதவிசெய்தான் என்கிறாள். ஒரு நிமிடப் பொறிக்குள் ஒரு முழுக்கதை நடந்துவிட்டது: யார், எதற்கு ஆசைப்பட்டாள், எதைக் கொடுத்தாள், கொடுத்த பிறகு என்னவானாள். இதற்கு மேல் ‘பாத்திர வளர்ச்சி’ என்று கேட்பவர்கள் நாவலுக்குரியதைக் கேட்கிறார்கள்.

முதல் படம் பேர்போன அளவுக்கு ரத்தக்களரியும் இல்லை. மருத்துவர் கார்டன் தன் பாதத்தை அறுக்கும் காட்சியில் பார்வையாளர் பார்ப்பது பெரும்பாலும் வெளிறிய முகங்களைத்தான். எடுக்க நேரமில்லாமல் போன காட்சிகளை நிழற்படங்களாலும் வேகம் கூட்டிய துண்டுகளாலும் படத்தொகுப்பாளர் கெவின் க்ரூட்டர்ட் ஒட்டவைத்தார். பஞ்சத்தில் பிறந்த அந்த வெட்டுமுறை பிறகு தொடரின் முத்திரையாகிவிட்டது. படம் முழுக்க நடுத்தரையில் குப்புறக் கிடந்த பிணம் கடைசியில் எழுந்து நிற்பதுதான் மக்கள் பேசியது. அது ரத்தக் காட்சியே கிடையாது, கதைத் திருப்பம்.

வசூல் வந்ததும் ஒவ்வொரு அக்டோபரும் ஒரு பாகம் என்று முடிவாயிற்று. 2005 முதல் 2010 வரை ஒரு வருடமும் தவறவில்லை. இரண்டாம் பாகம் உருவான விதம் வேடிக்கையானது. டேரன் லின் பவுஸ்மன் என்ற இளைஞர் எழுதிவைத்திருந்த ஒரு திரைக்கதையை, ‘ஸா’ மாதிரியே இருக்கிறது என்று சொல்லிப் பலர் திருப்பி அனுப்பினார்கள். ‘ஸா’ தயாரிப்பாளர்கள் அதையே வாங்கி, வனெலை வைத்துத் திருத்தி, பவுஸ்மனையே இயக்கச் சொன்னார்கள். அதில் ஒரு பெண்ணைத் தூக்கி எறியும் ஊசிக்குழிக்காகக் கலைத் துறையினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிஞ்சுகளின் ஊசியைக் கழற்றிக் குத்தாத முனை பொருத்தினார்கள். ரசிகர்கள் இன்றுவரை பேசுவது அந்தக் குழியைத்தான். ஆனால் படத்தின் உண்மையான பொறி ஒரு நாற்காலி. என் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, உன் மகன் பத்திரமாகக் கிடைப்பான் என்று நோயாளி ஜிக்ஸா காவலர் ஒருவரிடம் சொல்கிறான். கோபக்காரரான அவரால் உட்கார முடியவில்லை. மகன் அதே அறைப் பெட்டகத்துக்குள்தான் இருந்தான். குணம் தெரியாமல் இந்தப் பொறியைக் கட்டவே முடியாது.

மூன்றாம் பாகம், 2006, தொடரிலேயே அதிகம் வசூலித்தது, 16 கோடி டாலருக்கு மேல். கதையா ரத்தமா என்ற வாதத்துக்கு மிக அருகில் வரும் பாகமும் இதுவே. ஜிக்ஸாவிடம் சீடராகச் சேர்ந்த அமாண்டா தப்பிக்கவே முடியாத பொறிகளைச் செய்யத் தொடங்குகிறாள். சாவியைக் கண்டுபிடித்தாலும், விலையைக் கொடுத்தாலும் சாவு நிச்சயம். குரு அதை ஏற்க மறுக்கிறார். தேர்வுக்கு இடமில்லாத பொறி வெறும் கொலை என்பது அவர் கட்சி. கொலைகாரனின் நியாயம் நமக்குத் தேவையில்லை. ஆனால் திரைக்கதை ஆசிரியர்களின் தொழில் நியாயம் இதில் ஒளிந்திருக்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த பொறியில் பார்ப்பவருக்கு வேலை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர.

நான்காம் பாகத்திலிருந்து நோய் எதிர்த்திசையில் முற்றியது. ஜிக்ஸா மூன்றாம் பாகத்தில் செத்துவிட்டான். அவனை விட்டால் வசூல் இல்லை. ஆகவே முன்னாள் மனைவி, இழந்த குழந்தை, ரகசியச் சீடன், அந்தச் சீடனுக்கு ஒரு எதிரி, ஃப்ளாஷ்பேக்குக்குள் ஃப்ளாஷ்பேக் என்று கதை கிளைவிட்டது. நான்காம் பாகம் நடப்பது மூன்றாம் பாகத்தின் அதே நேரத்தில் என்று கடைசியில் தெரியவரும். முந்தைய பாகங்களைப் பார்க்காதவர் உள்ளே நுழைந்தால் ஐந்நூறாவது எபிசோடில் மெகா சீரியலைத் திறந்தவர் போல விழிக்க வேண்டியதுதான். பொறிப் படங்களில் கதை இல்லை என்று குறைசொல்பவர்கள் இந்தப் பாகங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே கதை தேவைக்கு மேல் இருக்கிறது; பொறியில் சிக்கியவருக்குத்தான் முகம் இல்லாமல் போனது. கதைப்பின்னலும் பாத்திரமும் ஒன்றாகவே உயரும், ஒன்றாகவே தாழும் என்று நினைப்பது இங்கே பொய்த்துப்போகிறது.

2009-ல் வந்த ஆறாம் பாகம் திருந்தப் பார்த்தது. அதில் மாட்டுபவர் மருத்துவக் காப்பீட்டு நிறுவன அதிகாரி. யாருக்குச் சிகிச்சைப் பணம் தரலாம், யாரைக் கைவிடலாம் என்று ஒரு சூத்திரம் வைத்துக் கணக்குப்போட்டவர். சுழலும் மேடையில் பூட்டிய ஆறு ஊழியர்களில் இரண்டு பேரை மட்டும் காப்பாற்றலாம் என்ற நிலையில் அவரவர் முகத்தைப் பார்த்து அவர் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்காவில் காப்பீட்டுச் சீர்திருத்த விவாதம் கொதித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. தொடரின் நல்ல பாகங்களில் ஒன்று. வசூலோ அதுவரை வந்ததில் மிகக் குறைவு, 7 கோடி டாலரைத் தொடவில்லை. முந்தைய பாகங்களில் சலித்தவர்கள் வரவில்லை. வர நினைத்தவர்களையும் அதே பருவத்தில் வெளியான, சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்ட, ரத்தம் அதிகம் இல்லாத ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ இழுத்துக்கொண்டது.

இதற்கிடையே 2006 ஜனவரியில் விமர்சகர் டேவிட் எடல்ஸ்டீன் ‘நியூயார்க்’ இதழில் இந்தப் படங்களை வதையை வைத்துச் செய்யும் ஆபாசம் என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு உடனடிக் காரணமான ஈலை ராத்தின் ‘ஹாஸ்டல்’ படத்தை நிதானமாகப் பார்த்தால், முதல் பாதி முழுக்க ஊர்சுற்றும் இளைஞர்களின் கூத்துதான். பணம் கொடுத்தால் ஐரோப்பாவில் எதையும், யாரையும் வாங்கலாம் என்று நினைத்தவர்களை, பணம் கொடுத்து மனிதரை வதைக்கும் சந்தை வாங்குகிறது. அதில் அமெரிக்கருக்கு விலை அதிகம். முதல் பாதியை வெட்டிவிட்டால் இரண்டாம் பாதியின் குத்தல் போய்விடும். எதிர் உதாரணம் 2007-ன் ‘கேப்டிவிட்டி’. மனத் திகிலாக எடுத்த படத்தில், காலத்துக்கு ஏற்ப வதைக் காட்சிகளைப் பிறகு ஒட்டவைத்தார்கள். கடத்தலில் தொடங்கிக் கொலையில் முடியும் நான்கு கட்டங்களைத் தெருவோர விளம்பரப் பலகைகளில் வைத்து, பெற்றோர்கள் கொதித்து, பலகைகளை இறக்க வேண்டியதாயிற்று. படம் படுத்துவிட்டது.

கதையை அறவே நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் 1985-லேயே சோதித்திருந்தது. ‘கினி பிக்’ வீடியோ வரிசையின் முதல் இரண்டு படங்களில் பெயரில்லாத பெண், பெயரில்லாத வதைப்பவர்கள், அவ்வளவுதான். இரண்டாம் படத்தை இயக்கியவர் திகில் சித்திரக்கதை ஓவியர் ஹிடேஷி ஹினோ. 1991-ல் அதைப் பார்த்த நடிகர் சார்லி ஷீன் உண்மைக் கொலை என்று நம்பி எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தார். தயாரிப்பாளர்கள் தந்திரக் காட்சிகளை எப்படிச் செய்தோம் என்று தனிப் படமே வெளியிட்டிருந்தார்கள். கதை போனதும் பார்வையாளருக்கு இது புனைவு என்று சொல்லும் கடைசி அடையாளமும் போய்விட்டது.

பாத்திரம் இல்லாமலே ஓடிய ஒரு கிளையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2000-ல் தொடங்கிய ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ வரிசையில் வில்லன் சாவுதான், உருவம் கிடையாது. தளர்ந்த திருகு, ஒழுகும் குழாய், ஓடும் மின்விசிறி என்று சாதாரணப் பொருட்கள் ஒன்றையொன்று தட்டிக் கொல்லும். பாத்திரங்களைப் பாகத்துக்குப் பாகம் மாற்றிவைத்தாலும் வித்தியாசம் தெரியாது. எது எதைத் தட்டும் என்று ஊகிப்பதில் பார்வையாளர் ஆழ்ந்துவிடுகிறார். அங்கே பொருட்களே பாத்திரங்கள். அப்படியிருந்தும் 2025-ல் 14 ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த ஆறாம் பாகம், ஒரு பாட்டி 1968-ல் தப்பித்ததால் பேரப்பிள்ளைகள்வரை தொடரும் குடும்பக் கதையாக அமைந்தது. வரிசையில் அதிகம் வசூலித்ததும் அதுதான்.

டேமியன் லியோனின் ‘டெரிஃபையர்’ 2016-ல் வந்தபோது கோமாளி கொலைகாரனையும் தந்திர வேலையையும் பாராட்டியவர்கள்கூடக் கதை எங்கே என்று கேட்டார்கள். லியோன் அந்தக் குறையை ஒப்புக்கொண்டு, 2022-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சியன்னா என்ற பெண்ணையும் அவள் தம்பியையும் இறந்த அப்பாவையும் மையமாக வைத்தார். படம் இரண்டே கால் மணி நேரத்தையும் தாண்டி நீண்டது. சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுத்து 1 கோடிக்கு மேல் வசூலித்தது. ரத்தம் குறையவில்லை, கூடியது.

‘ஸா’ வரிசையும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. 2021-ன் ‘ஸ்பைரல்’ புதிய ஆட்களை வைத்துப் பார்த்து, சுமார் 4 கோடி டாலரில் நின்றுவிட்டது. 2023-ல் க்ரூட்டர்ட் இயக்கிய பத்தாம் பாகம் முதல் இரண்டு பாகங்களுக்கு நடுவே நடக்கிறது. இந்த முறை கதாநாயகன் ஜிக்ஸாவேதான். புற்றுநோய்க்குச் சிகிச்சை என்று நம்பி மெக்சிகோ போய் மோசடிக்காரர்களிடம் ஏமாறும் கிழவனாக டோபின் பெல் நடித்தார். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு ஒரு நோயாளியின் நம்பிக்கையும் ஏமாற்றமும்தான். ரசிகர்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பார்களா என்ற பயம் தயாரிப்பில் இருந்தது போலத் தெரிகிறது, ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பொறி வைக்கப்பட்டது. மருத்துவமனை ஊழியர் ஒருவர் நோயாளியின் பொருளில் கை வைக்கிறார். கண்களை உறிஞ்சும் கருவியில் அவர் பூட்டப்படுகிறார். அது அத்தனையும் கிழவனின் கற்பனை. எடுத்ததை ஊழியர் திரும்ப வைத்துவிடுகிறார், அறையை விட்டுப் போகிறார், பொறி கட்டப்படாமலேயே போகிறது. படம் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தொடரின் பத்துப் பாகங்களில் விமர்சகர்கள் அதிகம் பாராட்டியதும் இதைத்தான்.